இன்-மெமரி, கிளவுட், தீபாவளிக் கூட்டம்: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடியில் எங்கள் மென்பொருள் குழு இருக்கிறது. பலகாரம், கண்டாங்கிச் சேலை, புதுவயல் அரிசி என்று வியாபாரம் செய்து, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் சேர்ந்த ஆப் எழுதிக் கொடுக்கிறோம். எல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஓடுகிறது. கூட்டம் கூடும்போது தாக்குப்பிடிக்க, தரவை டிஸ்கில் தேடாமல் மெமரியிலேயே வைத்துப் பரிமாறும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறோம்.

அதைப் பற்றி எங்களிடம் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளும், கடைக் கணக்கர்களும், முதலாளிகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதை இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணே, இன்-மெமரின்னா என்ன? எல்லா கம்ப்யூட்டரும் மெமரியிலதானே ஓடுது?

ஓடுவது மெமரியில்தான். ஆனால் தரவு குடியிருப்பது டிஸ்கில். வழக்கமான டேட்டாபேஸ், தரவின் நிரந்தர வீடு டிஸ்க் என்று வைத்துக்கொண்டு, தேவைப்படும் பக்கத்தை மட்டும் மெமரிக்கு ஏற்றி இறக்கும். இன்-மெமரி தளம் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறது: வேலை பார்க்கும் தரவு முழுவதும் மெமரியிலேயே இருக்கும், டிஸ்க் வெறும் காப்புப் பிரதிக்கு.

நம் ஊர்க் கடைகளில் சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று என்று வைத்திருந்தது நினைவிருக்கும். கை எட்டும் தூரத்தில் சிட்டை இருக்கும், வரவு செலவு நடக்க நடக்க அதில் ஏறும். சாயங்காலம் நிதானமாகப் பேரேட்டில் பதிவாகும். ஐந்தொகை போடும்போது பேசுவது பேரேடுதான், சிட்டை இல்லை. கீழே வரும் பல பதில்களில் இந்த இரண்டு சொல்லையும் பயன்படுத்தப் போகிறேன்: சிட்டை என்றால் மெமரி, பேரேடு என்றால் டிஸ்க் டேட்டாபேஸ்.

எவ்வளவு வேகம்? நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?

மெமரியிலிருந்து ஒரு துணுக்கைப் படிக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டி டிஸ்கில் 100 மைக்ரோ வினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் முள் நகர்ந்து இடம் தேடவே 10 மில்லி வினாடி, லட்சம் மடங்கு. மனிதக் கணக்கில் சொன்னால், மெமரியில் 1 வினாடி ஆகும் வேலைக்கு எஸ்எஸ்டி சுமார் 17 நிமிடம் எடுக்கும், ஹார்ட் டிஸ்க் ஒரு முழு நாளுக்கு மேல் எடுக்கும். முகப்பில் உட்கார்ந்தபடி கையை நீட்டி எடுப்பதற்கும், இரண்டு கட்டு தாண்டிப் பின்னால் போய் அறையைத் திறந்து எடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கிளவுடில் மெமரி சர்வர் தனி மெஷினில் இருக்கும். ஒரே டேட்டா சென்டருக்குள் கேள்வி போய்ப் பதில் வரவே அரை மில்லி வினாடி வரை ஆகலாம். அதாவது மெமரியின் வேகத்தை வழிப்பயணம் தின்றுவிடும். இது பின்னால் ஒரு கேள்வியில் பெரிய விஷயமாக வரும்.

டேட்டாபேஸே அடிக்கடி கேக்குறதை மெமரியில வச்சுக்குமே, தனியா எதுக்கு இன்னொண்ணு?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு கணக்கர் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அப்படி வைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. அதற்கென்று அது ஒதுக்கும் இடம், யாரும் மாற்றாத வரை, 128 எம்பி மட்டுமே. பல இடங்களில் இந்த ஒரு எண்ணைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் தனித் தளம் தேவைப்படுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. பக்கம் மெமரியில் இருந்தாலும் கேள்வியைப் புரிந்து, திட்டம் போட்டு, ஐந்து அட்டவணையை இணைத்து, கூட்டிக் கழித்துப் பதில் தயாரிக்கும் வேலையை டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் செய்கிறது. இன்-மெமரி கேஷில், அதாவது அடிக்கடி கேட்பதை எடுத்து வைக்கும் இடத்தில், தயாரான பதிலே இருக்கும். அப்புறம், போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனி புராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு நிரல். இயல்பான வரம்பு 100. ரெடிஸ் என்ற இன்-மெமரி மென்பொருளில் அது 10,000. கூட்டம் வரும்போது முதலில் உடைவது பெரும்பாலும் இந்த இடம்தான்.

எங்களுக்கு மூணே கிளை. இது வேணுமா தம்பி?

பெரும்பாலும் வேண்டாம். தேவகோட்டையில் ஒரு அரிசி வியாபாரி பில் போடும் பக்கம் திறக்க ஒன்பது வினாடி ஆகிறது, உடனே ரெடிஸ் போட வேண்டும் என்று கேட்டார். போய்ப் பார்த்தால் வாடிக்கையாளர் போன் எண்ணில் தேடும் அட்டவணைக்கு இண்டெக்ஸே (சீக்கிரம் தேட உதவும் குறிப்பு) இல்லை. ஒரு வரி எழுதியதும் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. மெமரிச் செலவு எதுவும் இல்லை.

முதலில் எந்தக் கேள்வி மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். இண்டெக்ஸ், முந்தைய பதிலில் சொன்ன 128 எம்பி, தேவையில்லாமல் இழுக்கும் அட்டவணைகள் மூன்றையும் சரிசெய்யுங்கள். அப்படியும் ஒரே தரவை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

ரெடிஸ், மெம்கேஷ்டு, ஹேசல்காஸ்ட், ஹானா... எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. மெம்கேஷ்டு 2003-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னல் தளத்துக்காக எழுதியது. சாவி என்று ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, அவ்வளவுதான். மெஷின் நின்றால் எல்லாம் போய்விடும்; அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றே எழுதப்பட்டது. ரெடிஸை 2009-இல் இத்தாலியர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ வெளியிட்டார். பட்டியல், கணம் (செட்), வரிசைப்படுத்திய கணம், எண்ணி (கூட்டிக் கழிக்கும் எண்) என்று பல வடிவங்களில் தரவை வைக்கலாம், டிஸ்கிலும் எழுதிக்கொள்ளலாம். ஹேசல்காஸ்ட், அப்பாச்சி இக்னைட் இரண்டும் பல மெஷின்களின் மெமரியை ஒன்றாகக் கட்டி, கணக்கீட்டையும் தரவு இருக்கும் இடத்துக்கே அனுப்பும் வகை. ஜாவாவில் எழுதும் பெரிய நிறுவனங்களில் அதிகம் பார்க்கலாம்.

எஸ்ஏபி ஹானா வேறு சாதி. 2010-இல் வந்தது. அது கேஷ் இல்லை, முழு டேட்டாபேஸ். தரவை வரிசை வரிசையாக இல்லாமல் பத்தி பத்தியாக (மேலிருந்து கீழாக, காலம் காலமாக) மெமரியில் வைக்கும். ஒரு வருட விற்பனையைக் கிளைவாரியாகக் கூட்டும் வேலைக்கு மற்ற பத்திகளைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் அவ்வளவு வேகம். எஸ்ஏபி-யின் பழைய பிசினஸ் சூட்டுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. பெரிய ஆலைகள் ஹானாவுக்கு மாற அவசரப்படுவதற்கு அதுதான் காரணம். நம் ஊர் அளவு வேலைக்கு ரெடிஸ் வகை போதும். கீழே எல்லாப் பதிலும் அதை வைத்துத்தான்.

ஏந் தம்பி, கரண்டு போனா கணக்கெல்லாம் போயிருமா?

பலகாரக் கடை ஆச்சி கேட்டது. மாதாமாதம் பராமரிப்பு மின்தடை வரும் ஊரில் இது முதல் கேள்வியாக வருவதில் நியாயம் இருக்கிறது. ஆச்சி, உங்கள் கடையில் கரண்டு போனால் ஒன்றும் ஆகாது. தரவு இங்கே இல்லை. ஆனால் அங்கே இருக்கும் மெஷின் நின்றாலும் மெமரி காலியாகத்தான் செய்யும்.

அதற்கு ரெடிஸில் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தத்தையும் படம் பிடித்து டிஸ்கில் வைப்பது, பெயர் ஆர்டிபி. கடைசிப் படத்துக்குப் பிறகு நடந்தது போகும். இன்னொன்று, நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே போவது, பெயர் ஏஓஎஃப். வழக்கமான அமைப்பில் அது வினாடிக்கு ஒருமுறை டிஸ்கில் பதியும், ஆகவே போனால் ஏறக்குறைய ஒரு வினாடித் தரவு போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே பதியச் சொல்லலாம்தான், வேகம் இறங்கும்.

ஒரு வினாடி சின்னதாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வினாடியில் எத்தனை ஆர்டர் வரும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்போ எதை மெமரியில வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு தரவுக்கும் எழுத்திலேயே இரண்டு விஷயத்தை எழுதி வைக்கச் சொல்வேன்: இது தொலைந்தால் எங்கிருந்து திரும்ப உருவாக்குவோம்? இது எத்தனை நேரம் பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை?

பொருள் பட்டியல், படங்களின் முகவரி, கிளை விவரம், "இந்த வாரம் அதிகம் விற்றவை" எல்லாம் பேரேட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். ஐந்து நிமிடம் பழசாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தாராளமாக மெமரியில் வையுங்கள். லாகின் விவரம் தொலைந்தால் வாடிக்கையாளர் மறுபடி உள்ளே வருவார். எரிச்சல், ஆனால் நஷ்டம் இல்லை. வாங்கும் கூடை தொலைந்தால் விற்பனையே போகலாம், அதனால் அதை மெமரியிலும் வைத்து டிஸ்கிலும் எழுதுகிறோம். பணம் வந்த பதிவு, ஜிஎஸ்டி பில் எண், கடன் பாக்கி மூன்றும் முதலில் பேரேட்டில் ஏறிய பிறகுதான் வேறெங்கும் போக வேண்டும். இதில் விதிவிலக்கு கேட்டு வருபவர்களிடம் நான் ஒரு முறை கூட இறங்கிப் போனதில்லை.

சார், விலையை மாத்திட்டேன், கிளையில பழைய விலைதான் காட்டுது. ஏன்?

பேரேட்டில் மாற்றினீர்கள், சிட்டையில் பழைய நகல் அப்படியே இருக்கிறது. நாங்கள் எழுதும் முறை இது: ஆப் முதலில் கேஷில் பார்க்கும், இருந்தால் கொடுக்கும், இல்லாவிட்டால் டேட்டாபேஸில் எடுத்து கேஷிலும் வைத்துவிட்டுக் கொடுக்கும். விலை மாறும்போது டேட்டாபேஸில் எழுதிவிட்டு, கேஷில் அந்தச் சாவியை அழிக்க வேண்டும். புது மதிப்பை அங்கே எழுதுவதை விட அழிப்பது நல்லது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கடைசியாக ஒட்டியது என்று தெரியாமல் போகும்.

இதிலும் ஒரு சந்து இருக்கிறது. ஒருவர் பழைய விலையை டேட்டாபேஸிலிருந்து படித்துக் கையில் வைத்திருக்கிறார். அந்த நொடியில் நீங்கள் விலையை மாற்றி, சாவியையும் அழித்துவிடுகிறீர்கள். அப்புறம் அவர் தன் கையில் இருந்த பழைய விலையைக் கேஷில் வைக்கிறார். இனி அது அங்கேயே இருக்கும். ஃபேஸ்புக் பொறியாளர்கள் மெம்கேஷ்டு பற்றி 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: கேஷில் இல்லை என்று போகிறவருக்கு ஒரு டோக்கன் கொடுப்பது, நடுவில் சாவி அழிக்கப்பட்டால் அந்த டோக்கன் செல்லாது, அவர் வைக்க வந்தால் ஏற்காது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. எல்லாச் சாவிக்கும் காலாவதி நேரம் வைத்திருக்கிறோம், பில் போடும் கடைசிப் படியில் விலையைப் பேரேட்டிலிருந்துதான் எடுக்கிறோம். பக்கத்தில் பழைய விலை தெரியலாம், பில்லில் தெரியாது.

காலாவதிதானே? எல்லாத்துக்கும் பத்து நிமிஷம்னு வச்சுட்டா முடிஞ்சுது இல்ல?

அப்படி வைத்தால் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் ஏறிய சாவிகள் எல்லாம் 9:40-க்கு ஒன்றாகச் சாகும். அந்த வினாடி வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் போய் விழுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரம் என்று கலைத்துவிடுங்கள். அதிகம் கேட்கப்படும் சாவிக்கு, காலாவதியானதும் ஒரே ஒருவர் மட்டும் போய் எடுத்து வர, மற்றவர்கள் ஒரு கணம் காத்திருக்கும்படி எழுதுங்கள். மெஷினை மறுபடி ஏற்றும்போதும் இதே ஆபத்துதான்: காலிக் கேஷோடு கூட்டத்தை உள்ளே விடாமல், முக்கியமான சாவிகளை முதலில் நிரப்பிவிட்டுத் திறக்க வேண்டும்.

எவ்வளவு மெமரி வாங்கணும்? 32 ஜிபி போதுமா?

கணக்குப் போடாமல் யாரும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு நான் போட்டதைக் காட்டுகிறேன். 60,000 பொருள், ஒன்றுக்கு 1.5 கேபி: 90 எம்பி. ஒரே நேரத்தில் 20,000 பேர் உள்ளே இருந்தால் லாகின் விவரம் ஆளுக்கு 2 கேபி: 40 எம்பி. கூடை ஆளுக்கு 1 கேபி: 20 எம்பி. 12 கிளையில் 60,000 பொருளுக்கும் இருப்பு எண்ணி என்றால் 7,20,000 சாவி. எண் சின்னதுதான், ஆனால் சாவியின் பெயரும் உள்நிர்வாகச் செலவும் சேர்த்து ஒன்றுக்கு 100 பைட் என்று வையுங்கள்: 72 எம்பி. மொத்தம் 222 எம்பி. ஒரு ஜிபி கூட இல்லை.

இதன் மேல் ஒன்று சேர்க்க வேண்டும். ஆர்டிபி படம் பிடிக்கும்போது ரெடிஸ் தன்னைத்தானே பிரதி எடுத்து அந்தப் பிரதியை எழுத விடுகிறது. மாறாத பக்கங்களை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள், மாறும் பக்கத்துக்குத் தனி நகல் உருவாகும். அந்த நேரம் எழுதும் வேலை அதிகமாக இருந்தால் மெமரித் தேவை இரட்டிப்பை நெருங்கலாம். ஆகவே இரண்டு மடங்கு, கொஞ்சம் மூச்சுவிட இடம். இந்த நிறுவனத்துக்கு 1 ஜிபி போதும். கிளவுடில் மெமரி, டிஸ்கை விடப் பல மடங்கு விலை என்பதால் இந்தத் தாளும் பென்சிலும் மாதாமாதம் பணம் மிச்சப்படுத்தும்.

நிரம்பிட்டா என்ன ஆகும்?

நீங்கள் சொன்னபடி ஆகும். ரெடிஸின் இயல்பான கொள்கை எதையும் வெளியேற்றாதே என்பது. நிரம்பினால் புதிதாக எழுத வருபவருக்குப் பிழை கொடுக்கும், படிப்பது நடக்கும். அதிக நாளாகத் தொடாததை வெளியேற்று என்றும் சொல்லலாம். கேஷுக்கு அது பொருத்தம். ஆனால் கேஷையும் வாங்கும் கூடையையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு அப்படிச் சொன்னால், மூன்று நாளாகத் தொடாத ஒரு கல்யாணச் சேலைக் கூடை சத்தமில்லாமல் காணாமல் போகும். இரண்டையும் தனித்தனி மெஷினில் வையுங்கள்.

அதிரசப் பெட்டி பன்னெண்டுதான் இருந்துச்சு, பத்தொன்பது பேருக்கு ஆர்டர் போயிருச்சு. கேஷ் தப்பாக் கணக்குப் போடுதா?

கேஷ் சரியாகத்தான் போட்டது. தப்பு எங்கள் நிரலில். ஆப் என்ன செய்தது என்றால், இருப்பைப் படித்தது, 12 என்று வந்தது, கேட்டதை விட அதிகம் இருக்கிறது என்று பார்த்தது, கழித்து 11 என்று திரும்ப எழுதியது. மூன்று தனித்தனிப் படி. தீபாவளிக்கு முந்தின வாரம் நாலு சர்வர் ஓடுகிறது. நாலும் ஒரே கணத்தில் 12 என்று படிக்கும், நாலும் 11 என்று எழுதும். நாலு பெட்டி விற்றும் கணக்கில் ஒன்றுதான் குறைந்தது. அதிரசம் மறுநாள் சுட்டுக் கொடுக்கும் பலகாரமும் இல்லை. பாகில் பிசைந்த மாவு ஓரிரண்டு நாளாவது ஊற வேண்டும். ஏழு வீட்டுக்கு ஆச்சியே போன் போட்டு, மணகோலமும் தேன்குழலும் அனுப்பட்டுமா என்று கேட்டார். அந்த ஏழு போனையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

சரிசெய்த விதம் இது. ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வரிசையில்தான் நிறைவேற்றும். ‘டெக்ர்’ கட்டளை ஒன்றைக் கழித்துப் புது எண்ணைத் திருப்பித் தருவது பிரிக்க முடியாத ஒரே படி. நடுவில் யாரும் நுழைய முடியாது. ஒன்றுக்கு மேல் பெட்டி கேட்டால், சரிபார்ப்பதையும் கழிப்பதையும் லுவா மொழியில் ஒரு குட்டி நிரலாக எழுதி ரெடிஸுக்குள்ளேயே ஓட்டுகிறோம். அதுவும் ஒரே படிதான். பணம் கட்டப் பத்து நிமிடம், கட்டாவிட்டால் பெட்டி இருப்புக்குத் திரும்பும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த எண்ணி ஒரு வாசல் காவலாள் மட்டுமே. ஆர்டர் உறுதியாவது போஸ்ட்கிரெஸில். அங்கே இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. ராத்திரி கடை சாத்தியதும் எண்ணியையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் பேரேட்டின்படி திருத்துகிறோம்.

சர்வரை ஆட்டோ ஸ்கேல்ல போட்டாச்சு. கூட்டம் வந்தா தானாக் கூடும்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் விழுந்துச்சு?

ஆப் சர்வர் கூடும், டேட்டாபேஸ் கூடாது. 4 சர்வர் 40 ஆனது. ஒவ்வொன்றும் 50 இணைப்பு திறந்தால் 2,000. மேலே சொன்ன 100 என்ற வரம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் சில இணைப்புகளையே எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஒரு இணைப்புத் தொகுப்பானைப் போட்டு, படிக்கும் கேள்விகளை மெமரிக்குத் திருப்பினால்தான் ஆட்டோ ஸ்கேல் என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும். லாகின் விவரத்தை ஆப் சர்வரின் சொந்த மெமரியில் வைத்திருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள். கூட்டம் குறைந்து அந்த சர்வர் மூடும்போது அதில் இருந்த அத்தனை பேரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

ஒரு மெஷின் போதலைன்னா தரவை எப்படிப் பிரிக்கிறது? எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

யாரையும் கேட்காமலே தெரிய வேண்டும், அதுதான் இதன் அழகு. பல மெஷின்கள் சேர்ந்த ரெடிஸ் கிளஸ்டரில் மொத்தம் 16,384 இடங்கள். சாவியின் பெயரை சிஆர்சி16 என்ற சூத்திரத்தில் போட்டு 16,384-ஆல் வகுத்து மீதி எடுத்தால், எந்த இடம் என்று வரும். இடங்களை மெஷின்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். பெயர் தெரிந்தால் வீடு தெரியும், நடுவில் ஒரு பதிவேடு தேவையில்லை.

செட்டிநாட்டில் இதை விளக்குவது எனக்கு மிக எளிது. நகரத்தாருக்கு ஒன்பது கோயில். இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்பது ஒருவர் பிறந்த வீட்டிலேயே தீர்மானமாகிறது. கல்யாணமானதும் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாக அந்தந்தக் கோயில் கணக்கில் ஏறுவார்கள். ஒன்பது கணக்கையும் ஒருவரே எழுத வேண்டியதில்லை, எந்தப் புள்ளி எங்கே என்று தேடவும் வேண்டியதில்லை.

இப்போது சிக்கலான இடத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கோயில், பெண் வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வர வேண்டும். ஒரே செயலுக்கு இரண்டு இடத்தின் ஒப்புதல். கிளஸ்டரில் இது நடக்காது: வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு சாவியை ஒரே பரிவர்த்தனையில் தொட்டால் ரெடிஸ் மறுத்துவிடும். அதற்கு வழி, சேர்ந்தே மாற வேண்டியவற்றின் பெயரில் நெளி அடைப்புக்குறிக்குள் ஒரு பொதுப் பகுதி வைப்பது. அந்தப் பகுதியை மட்டும் வைத்து இடம் கணக்கிடப்படும். ஒரு வாடிக்கையாளரின் கூடை, முகவரி, தள்ளுபடி மூன்றும் அவர் எண்ணை அப்படி வைத்துக்கொண்டால் ஒரே வீட்டில் இருக்கும். எது எதோடு சேர்ந்து மாறும் என்பதை முதல் நாளே யோசித்துவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரிய பாடு.

மூணு நோடை ஆறாக்கினோம். செலவு கூடுச்சு, வேகம் கூடவே இல்லையே?

எல்லாரும் ஒரே சாவியைக் கேட்டால் அது இருக்கும் ஒரு நோடு (கிளஸ்டரின் ஒரு மெஷின்) மட்டும்தான் மூச்சுத் திணறும், மற்ற ஐந்தும் சும்மா நிற்கும். தீபாவளிக்கு அந்தச் சாவி காம்போ பெட்டி. ஒரே நோடில் கட்டளைகள் ஒரே வரிசையில் ஓடும் என்று அதிரசப் பதிலில் சொன்னேன். அங்கே வரமாக இருந்தது இங்கே தடையாகிறது.

படிப்பது மட்டும் என்றால் ஒவ்வொரு ஆப் சர்வரிலும் இரண்டு வினாடிக்கு ஒரு உள்நகல் வைத்தாலே போதும். எண்ணியாக இருந்தால் 1,000 பெட்டியைப் பத்துச் சாவியில் நூறு நூறாகப் பிரித்து வைத்து, ஏதாவது ஒன்றில் கழியுங்கள். கடைசிச் சில பெட்டிகளில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

எல்லாம் மெமரியிலதான் இருக்கு. அப்புறம் ஏன் ஒரு பக்கம் திறக்க ரெண்டு வினாடி?

முதலில் எண்ணிப் பாருங்கள், அந்தப் பக்கம் ரெடிஸிடம் எத்தனை முறை பேசுகிறது? ஒரு பட்டியலில் 200 பொருள், ஒன்றுக்கு விலை, இருப்பு, படம் என்று மூன்று கேள்வி என்றால் 600 பயணம். அரை மில்லி வினாடி வீதம் 300 மில்லி வினாடி வழியிலேயே போகிறது. ஒரே கேள்வியில் மொத்தமாகக் கேளுங்கள்.

அடுத்து, ஆப் எங்கே, மெமரி எங்கே? ஒருவர் ஆப்பைச் சென்னையிலும் ரெடிஸை மும்பையிலும் வைத்திருந்தார். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி வினாடியில் 200 கிலோமீட்டர்தான் போகும். நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டர் தூரம், போய்வர 10 மில்லி வினாடிக்குக் குறையாது. பக்கத்திலேயே இருக்கும் ஒரு சாதாரண எஸ்எஸ்டி டேட்டாபேஸ் இதை விட வேகமாகப் பதில் சொல்லியிருக்கும்.

மூன்றாவது, யாராவது ‘கீஸ்’ கட்டளை போட்டிருக்கிறார்களா? எந்தெந்தச் சாவி இருக்கிறது என்று பார்க்க நானே ஒரு மத்தியானம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதைத் தட்டினேன். லட்சக்கணக்கான சாவியையும் அது ஒரே மூச்சில் புரட்டும், அதுவரை வேறு யாருக்கும் பதில் இல்லை. எல்லாக் கிளையிலும் பில் நின்றது. ‘ஸ்கேன்’ என்ற கட்டளை கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டும். அதைப் பயன்படுத்துங்கள். இப்போது எங்கள் சர்வர்களில் ‘கீஸ்’ தட்டவே அனுமதி இல்லை.

மாஸ்டர் விழுந்தா ரெப்ளிகா எடுத்துக்கும். அப்போ ஒரு ஆர்டர் கூடப் போகாதுல்ல?

போகும். மாஸ்டர் என்பது எழுதுவதை வாங்கும் மெஷின், ரெப்ளிகா அதன் நகலை வைத்திருக்கும் மெஷின். மாஸ்டர் உங்களிடம் "எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் ரெப்ளிகாவுக்கு அனுப்புகிறது. இடையில் மாஸ்டர் விழுந்தால், உங்களுக்குச் சரி என்று சொன்ன பதிவு புது மாஸ்டரிடம் இருக்காது. ரெப்ளிகாக்கள் பெறும் வரை காத்திரு என்று ஒரு கட்டளை உண்டு. அது ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. எரிக் ப்ரூவர் 2000-இல் முன்வைத்த கருத்து இதுதான்: நெட்வொர்க் இரண்டாகப் பிளந்த நேரத்தில் எல்லாருக்கும் பதில் சொல்வதும், எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வதும் சேர்ந்து கிடைக்காது. இரண்டு வருடம் கழித்து கில்பர்ட்டும் லின்ச்சும் அதை நிரூபித்தார்கள்.

இதே காரணத்தால் ரெடிஸில் போடும் பூட்டையும் பணத்துக்கு நம்ப வேண்டாம். பூட்டியவருடைய புராசஸ் நடுவில் உறைந்து, பூட்டுக் காலாவதியாகி, இன்னொருவர் பூட்டிய பிறகு முதலாமவர் விழித்து எழுதலாம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஏறுமுகமான எண் கொடுத்து, பழைய எண்ணோடு வரும் பதிவைப் பேரேடு மறுக்க வேண்டும். எதை மெமரியில் வைக்கக் கூடாது என்று முன்பு நான் ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

ரெடிஸ் இனிமே இலவசம் இல்லையாமே?

2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் உரிமத்தை மாற்றியது. அடுத்த சில நாளிலேயே பழைய திறந்த மூல நிரலிலிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையில் வால்கீ என்ற மாற்று மென்பொருள் கிளம்பியது. 2025 மே மாதம் ரெடிஸ் 8, ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. நம் மாதிரி உள்ளே வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு நடைமுறையில் எதுவும் நிற்கவில்லை. இந்தப் பக்கத்தில் ரெடிஸ் என்று நான் சொன்னதில் பெரும்பாலானது வால்கீக்கும் அப்படியே பொருந்தும்.

மெமரியில இருக்கறதை வெளியாள் பாக்க முடியுமா?

கதவைத் திறந்து வைத்தால் முடியும். பழைய ரெடிஸ் கடவுச்சொல் இல்லாமலே வந்தது, அதை இணையத்தில் நேராகத் திறந்துவைத்து மாட்டியவர்கள் ஏராளம். தனி நெட்வொர்க், கடவுச்சொல், வழியில் போகும் தரவைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் மூன்றும் வேண்டும்.

உள்ளேயிருந்தும் கசியலாம். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ரெடிஸோடு பேசும் பைத்தான் நூலகத்தின் பிழை என்று ஓப்பன்ஏஐ விளக்கியது: பாதியில் ரத்தான கோரிக்கையின் பதில் இணைப்பிலேயே தங்கி, அடுத்தவருக்குப் போயிருக்கிறது. அதைப் படித்த பிறகு நாங்கள் கேஷில் வைக்கும் ஒவ்வொரு தனிப்பட்ட பதிலுக்குள்ளும் வாடிக்கையாளர் எண்ணை எழுதுகிறோம், காட்டும் முன் லாகின் எண்ணோடு ஒப்பிடுகிறோம். ஒருவர் தன் தரவை நீக்கச் சொன்னால் கேஷிலும் நீக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தீபாவளிக்குக் கிளஸ்டரைப் பெருசாக்கணும். எப்போ செய்யலாம்?

மெமரியில் உள்ளதைப் புது நோடுக்கு நகர்த்துவது ஆப் சர்வரைக் கூட்டுவது மாதிரி நொடியில் நடக்காது. சாவிகள் ஒவ்வொன்றாக இடம் மாறும், அந்த நேரம் பழைய நோடுக்குக் கூடுதல் வேலை. கூட்டம் வந்த பிறகு செய்தால் ஏற்கெனவே தள்ளாடும் நோடை இன்னும் தள்ளிவிடுவீர்கள்.

நாங்கள் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ராத்திரி செய்கிறோம். கடைகள் சாத்திய பின் நோடு சேர்த்து, இடங்களை நகர்த்தி, போன வருடத்து உச்ச நேரப் பதிவை எடுத்து அதைப் போல் இரண்டு மடங்கு கேள்விகளை அனுப்பிப் பார்ப்போம். அப்புறம் வேண்டுமென்றே ஒரு மாஸ்டரை நிறுத்துவோம். ரெப்ளிகா எத்தனை வினாடியில் எழுகிறது, அந்த இடைவெளியில் எந்தெந்த ஆர்டர் பேரேட்டில் இருந்தும் எண்ணியில் இல்லை என்று எழுதி வைப்போம். அந்தத் தாள் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தீபாவளி முடிந்து நோடுகளைக் குறைக்கும் வரை அது அங்கேயே இருக்கும்.